சோலி இல்லாத சைக்கிள்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சிலமலைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினோம். நானும் என்னிடம் தமிழ் படித்த இரண்டு பெண்களும். டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்.

"எங்க போறீக?"

"பொட்டிபுரம் வரைக்கும்ண்ணே."

"அங்க யாரு வீடு?"

"யாரு வீடும் இல்லண்ணே."

"பெறகு என்ன சோலி?"

"சும்மாதான். மலையப் பாத்துக்கிட்டே போயிட்டு வரலாம்னு."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பொட்டிபுரத்துக்கு பஸ் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்தான். இரண்டாவது டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் கியர் வைத்த சைக்கிள்களில், தலைக்கவசத்தோடு நான்கு பையன்கள் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் அவர் கேட்டது வேறு: "எத்தன மணிக்குக் கெளம்புனீக? எத்தன கிலோமீட்டர் ஆச்சு?" சோலி என்ன என்று கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சோலி என்றால் வேலை, காரியம், தேவை எல்லாம்தான். வீட்டை விட்டு வெளியே வருகிற பெண்ணிடம் ஒரு சோலி இருக்க வேண்டும். தண்ணீர், ரேஷன், ஆஸ்பத்திரி, காட்டு வேலை, கோயில், துட்டி. இவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் எவ்வளவு தூரமும் போகலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் தெருமுனையே தூரம். 'ஊர்சுற்றி' என்று பையனைச் சொன்னால் அது செல்லக் கோபம். பெண்ணைச் சொன்னால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் நல்ல காரியம் நடப்பது கஷ்டம். பெண்களும் சைக்கிளும் பற்றி எழுதப்பட்டவற்றை நான் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடைக்காரரின் கேள்வி கூடவே வந்தது. ஏறியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சோலியைக் காட்டித்தான் ஏறியிருக்கிறார்கள்.

நான் தமிழ் ஆசிரியை என்பதால் முதலில் பழைய ஏட்டில்தான் தேடுவேன். கடல் கடந்த பயணம் பெண்ணோடு கிடையாது என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. ஆனால் நிலத்தில் பெண்கள் நடந்திருக்கிறார்கள். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் முழுக்க ஒரு பயணம்தான். காட்டைக் கடந்து, மலையேறி இறங்கி, ஆற்றோரமாக நடந்து, கடைசியில் நன்னனின் ஊரையும் அரண்மனையையும் அடையும் வழியை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு எங்கே, வழுக்குப்பாறை எங்கே, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் எந்தப் பக்கம் வரும் என்று வழிகாட்டிப் புத்தகம் போலவே சொல்கிறார். அந்தக் கூத்தர் கூட்டத்தில் விறலியர் இருக்கிறார்கள். கல்லில் நடந்து தேய்ந்த அவர்களுடைய பாதத்தைப் பார்த்து, ஓடிக் களைத்த நாயின் நாக்குப் போல இருக்கிறது என்று புலவர் சொல்கிறார். எவ்வளவு கூர்மையான பார்வை! வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "அவங்க காலப் பாத்தாரு சரி மேடம். அவங்க எதப் பாத்தாங்க?" நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. விறலியரும் சோலியாகத்தான் போனார்கள். பரிசில் கிடைத்தால் சோறு.

தான் கண்டதைத் தானே எழுதிய பெண் ஒருத்தி எங்கள் நாட்டில் சைக்கிளில் சுற்றியது 1897க்குப் பிறகு. ஃபேனி புல்லக் வொர்க்மன், அமெரிக்கப் பணக்காரக் குடும்பத்துப் பெண். கணவர் மருத்துவர். இருவரும் ஸ்பெயினில் கோட்டைகளும் பள்ளத்தாக்குகளுமாகச் சுற்றிப் புத்தகம் எழுதிவிட்டு, இந்தியாவுக்கு வந்து பல ஆயிரம் மைல் மிதித்தார்கள். கோயில்களைப் பற்றியும் காடுகளைப் பற்றியும் எழுதிய புத்தகம் 1904இல் வந்தது. பின்னால் மலையேறப் போய், 1912இல் சியாச்சின் பனிப்பகுதியில் ஏறக்குறைய 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகை ஒன்றைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை என் மேசையில் வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவருடைய எழுத்தைப் படிக்கப் படிக்க, மூட்டை சுமந்த இந்தியர்கள் மேல் அவருக்கு இருந்த எரிச்சலும் இளக்காரமும் தாங்க முடியவில்லை. அவர் சும்மா சுற்ற முடிந்ததற்கு வெள்ளைத் தோலும் அப்பாவின் சொத்தும் சுமக்க ஆட்களும் இருந்தார்கள். படத்தை முற்றிலும் வீசவும் மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது.

எனக்கு நெருக்கமானவர் டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற கோட்டை ஊரில் பிறந்தவர். பத்து வயதுப் பிறந்தநாளில் ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலகப்படமும் கிடைத்தன. இந்தியா வரைக்கும் மிதித்தே போய்விடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முடிவு செய்வது எளிது. அம்மாவுக்கு மூட்டுவாதம் முற்றி நடமாட முடியாமல் போக, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வீட்டோடு நின்றார். பெற்றோர் இருவரும் இறந்த பிறகே, 1963 ஜனவரியில் டன்கர்க்கிலிருந்து சைக்கிளில் கிளம்பி டெல்லி வந்து சேர்ந்தார். அப்போது வயது 31. நடுவில் இருந்த இருபது வருடத்தையும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்குத் தெரியும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு உலகப்படம் எதற்கு? பிற்பாடு 1973இல், ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு தென்னிந்தியாவைச் சுற்ற வந்தார் அவர். பிள்ளை பெற்றால் பயணம் முடிந்தது என்பதையும் அவர் ஏற்கவில்லை.

இங்கே, போடியில், என் கதை சின்னது. வாடகை சைக்கிள் கடையில் மணிக்கணக்கில் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். காலைப் பாருக்கு நடுவே நுழைத்து, உடம்பை ஒரு பக்கம் கோணிக்கொண்டு. ஜமீன் அரண்மனைத் தெருவில் விழுந்து முழங்கை பெயர்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. வயசுக்கு வந்தேன், சைக்கிள் நின்றது. யாரும் 'கூடாது' என்று சொல்லவில்லை. வாடகைக்குக் கேட்ட காசு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். போடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜமீன்தாரிணி காமுலம்மாள் பெயர் இருக்கிறது. அரண்மனைப் பெண் ஒருத்தியின் பெயர் தெருவுக்கு வந்து பலகையில் நிற்கிற ஊரில், மில் தொழிலாளி மகள் தெருவிலிருந்து வீட்டுக்குள் போனாள் என்று கல்லூரி நாட்களில் ஒரு கவிதை எழுதினேன். நல்ல கவிதை இல்லை.

நான் இறங்கிய அதே காலத்தில், கிழக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லித் தரப் போகும் தொண்டர்களில் பெரும்பங்கு பெண்கள். ஊர் ஊராகப் போய்ச் சேர பஸ் கிடையாது, அப்பாவோ அண்ணனோ கொண்டுபோய் விட வேண்டும். எனவே சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தில் சேர்த்தார்கள். தொண்டர்களுக்கு சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்க வழி செய்தார்கள். தங்கையைக் கூப்பிட்டு சைக்கிள் பழகச் சொல்லும் இயக்கப் பாட்டு ஒன்று ஊரெல்லாம் ஒலித்தது.

அங்கே போய்ப் பார்த்து எழுதியவர் பத்திரிகையாளர் பி.சாய்நாத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள் என்றும், அவர்களில் எழுபதாயிரம் பேர் பொதுவில் நடந்த ஓட்டப் போட்டிகளிலும் காட்சிகளிலும் கலந்துகொண்டார்கள் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், செவிலியர், அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியைகள். 1992 மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தார்கள்.

அந்தப் பதிவில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விவரம். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அவர்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். பிறகு பலருக்கு அதுவே பிடித்துவிட்டது. பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் இன்னொரு பிள்ளை, ஹேண்டில்பாரில் தண்ணீர்க் குடம். அதற்கு ஒரு நூறு வருடம் முன்னால், 1894இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரியும் பாவாடையோடும் பெண்கள் சைக்கிளோடும் புறப்பட்டு, வழியில் இரண்டையும் கைவிட்டு, ஆண்கள் சைக்கிளுக்கும் கால்சட்டைக்கும் மாறினார். மூன்று பிள்ளைகளின் தாய். அவர் மாறியது எடை குறைய. புதுக்கோட்டைப் பெண்கள் மாறியது எடை ஏற்ற.

புதுக்கோட்டையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பெண்களின் நடமாட்டத்தை அவ்வளவு வேகமாக மாற்றிய இன்னொரு இயக்கம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த மகிழ்ச்சியை வெளியில் இருந்தவர்களுக்குப் புரியவைக்க எல்லாரும் கையில் எடுத்தது சோலியைத்தான். காய்கறி விற்க முடிகிறது, தண்ணீர் சீக்கிரம் வருகிறது, ஆண்களின் நேரம் மிச்சமாகிறது. அந்தப் பெண்களோ சாய்நாத்திடம் முதலில் பேசியது விடுதலையைப் பற்றியும் தன்மதிப்பைப் பற்றியும். இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பதைத்தான் அவர்கள் பெரிதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பத்து வருடம் கழித்துப் பள்ளிச் சைக்கிள் வந்தது. 2001-02இல் பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு முதலில் கொடுத்தார்கள், பிறகு மற்றவர்களுக்கும். பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் தந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். பெரிய விஷயம். என் மாணவிகளில் பாதிப்பேர் அந்தச் சைக்கிள் இல்லாவிட்டால் கல்லூரிக்கே வந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை வகுப்பில் கேட்டேன்: "அந்த சைக்கிள்ல ஸ்கூலத் தவிர வேற எங்க போனீங்க?" டியூஷன், ரேஷன் கடை, மாவு மில். ஒருத்தி மட்டும், "ஒரு தடவ அணைக்கரைப்பட்டி ரோட்டுல கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன் மேடம்" என்றாள். ஏதோ களவு செய்ததை ஒப்புக்கொள்வது போலச் சொன்னாள். பள்ளி முடிந்ததும் அந்தச் சைக்கிள் எங்கே என்று கேட்டதற்கு அநேகம் பேர் சொன்ன பதில் 'தம்பிகிட்ட'. டீக்கடையில் என்னோடு நின்ற இருவரில் ஒருத்தி அந்த ரோட்டுக்காரிதான்.

மலையில் தினமும் பயணம் போகிற பெண்கள் போடியில் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் ஜீப்பாக ஏறிப் போவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழிகளிலும் தேனி மாவட்டத்துப் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும் நேரத்தில் இறங்குகிறார்கள். களை எடுப்பது, கவாத்து, மருந்து, காய் எடுப்பது. ஏலச்செடியில் காய் உச்சியில் இருக்காது. தூரில் தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் எடுக்க வேண்டும். என் அத்தை இருபத்திரண்டு வருடம் பூப்பாறைப் பக்கம் போனவர். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். காடு, பள்ளத்தாக்கு, மேகம், அருவி. சுற்றுலாக்காரர்கள் ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.

"மேல போகயில என்னத்தப் பாப்பீங்க அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னால உக்காந்திருக்கவ முதுகத்தான்" என்றார். "ஒரு வண்டியில பதினஞ்சு பேரு, பதினாறு பேரு. தார்ப்பாய் வேற கட்டியிருப்பான். என்னத்தத் தாயி பாக்க?"

வளைவுகளை அவர் உடம்பால் அறிவார். எந்த இடத்தில் எல்லாரும் வலது பக்கம் சாய்வார்கள், எங்கே காது அடைக்கும், எங்கே குளிர் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

வடக்கே குரங்கணிப் பக்கமும் இதே கதைதான். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட இழுவையில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தது. 1924 வெள்ளத்தில் மேலே இருந்த குண்டளை ரயில் அடித்துப் போனது. நடுவழியில் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் காட்டுக்குள் மிச்சம் இருக்கிறது. அந்த ஒற்றையடிப் பாதைகளில் எஸ்டேட் பெண்கள் தலைச்சுமையோடு தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். அவர்களை யாரும் மலையேற்றக்காரர்கள் என்று சொல்லவில்லை.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போனவர்களில் பலர் பெண்கள்; மகளிர் நாளை ஒட்டிய வார இறுதி. அன்றிரவு போடியில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. அனுமதி, எச்சரிக்கை, மீட்பு பற்றியெல்லாம் கேள்விகள் எழுந்தன, எழ வேண்டியவைதான். ஆனால் மறுநாள் பஸ்ஸிலும் கடையிலும், படித்தவர்கள் உட்கார்ந்திருந்த ஓர் அறையிலும் நான் கேட்டது வேறு: "பொட்டப்பிள்ளைகளுக்கு அங்க என்ன சோலி?" செத்துப்போன பையன்களைப் பற்றி 'பாவம்' என்றார்கள். நான் அந்த அறையில் பதில் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்தேன். ஏழெட்டு வருடமாகியும் அது உறுத்துகிறது. சைக்கிள் வாங்கியதற்கு அந்த உறுத்தலும் ஒரு காரணம். நாற்பது தாண்டி சைக்கிள் வாங்கினால் சர்க்கரை வியாதிக்கா, மூட்டுவலிக்கா என்று கேட்பார்கள். 'டாக்டர் சொன்னார்' என்று முதல் மாதம் நானும் பொய் சொன்னேன்.

டீக்கடையை விட்டுக் கிளம்பி, ராசிங்காபுரம் தாண்டி மலைப்பக்கம் திரும்பினோம். பொட்டிபுரம் ஊராட்சி சிறு சிறு ஊர்களாகப் பரந்தது. அதில் ஒன்றின் பெயரும் புதுக்கோட்டைதான். வேடிக்கையாக இருந்தது. எதிரே அம்பரப்பர் மலை. அதைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகு பொட்டிபுரம் என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது. 50,000 டன் இரும்பு, இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். ஊரார் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன, மதிகெட்டான் சோலையையும் பெரியாறையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் இது என்று 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "நீங்க சர்வே எடுக்க வந்தவகளா?" இல்லை என்றோம். "பெறகு, எதுக்கு வந்தவக?" பத்திரிகையா, கணக்கெடுப்பா, லோன் கொடுக்கிற குழுவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் இல்லை என்று ஆனபோது அவருக்கு முகம் இளகியது. "சும்மாவா வந்தீக?" என்று சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மழை எந்த இடுக்கு வழியாக வரும், காற்று எந்த மாசத்தில் திரும்பும், எந்தப் பாறையில் சிறுத்தை வந்து படுத்திருந்தது என்று ஒரு மணி நேரம் மலையைக் காட்டிக்கொண்டே இருந்தார். மலைபடுகடாம் எனக்கு நினைவுக்கு வந்தது. இம்முறை வழி சொன்னது ஒரு பெண்.

இரண்டு வாரம் கழித்து அத்தையைப் போய்ப் பார்த்தேன். முட்டு தேய்ந்து அவர் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளைத் தொட்டுப் பார்த்து, "கேரியரு தாங்குமா?" என்றார்.

"தாங்கும். எங்க போகணும் அத்தை?"

"எங்கயும் இல்ல. ரெண்டு தெரு."

ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு தெரு தாண்டியும் நிறுத்தச் சொல்லவில்லை. ஊரை விட்டு வெளியே வந்து மாந்தோப்புகளுக்கு நடுவே போனோம். எதிர்காற்று. எனக்கு மூச்சு வாங்கியது. அத்தையின் முகம் மலைப்பக்கம் இருந்தது. திடீரென்று என் முதுகில் தட்டினார்.

"நிறுத்து தாயி, நிறுத்து. அந்தா, மேல கோடு கோடாத் தெரியுதே, அதுதான் நாங்க போற ரோடா?"

"அதேதான் அத்தை."

காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவர் இறங்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாக, கீழேயிருந்து எண்ணத் தொடங்கினார்.